மேற்குச் சுவரடியில் தலையணைகள்

தலையணைகள் விஷயம்தான் மாஷிதாவுக்குப் பிடிபடவில்லை.

மற்றதெல்லாம் பார்த்தவுடனே புரிந்தது. துடைத்தும் போகாத ரத்தக் கறை, சுவரோரம் நொறுங்கிக் கிடந்த மூக்குக்கண்ணாடி, இரண்டாக முறிந்த கைத்தடி. முந்தின நாள் சாயங்காலம், மஹ்ரிபு தொழுகைக்கு முதியோர் இல்லத்தின் நடைபாதை வழியாகப் போய்க்கொண்டிருந்த ஹசன் அலியை முத்துராமலிங்கம் மறித்து, அவர் கைத்தடியைப் பிடுங்கி, அதாலேயே அவர் மண்டையைப் பிளந்திருக்கிறார். விழுந்த பிறகும் விடவில்லை. தடி முறியும்வரை அடித்திருக்கிறார். இரண்டு பேருக்குமே எழுபதைத் தாண்டிய வயது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் விளங்காத கதை. ஓடவில்லை, ஒளியவில்லை. பக்கத்து அறைகளுக்குள் புகுந்து கட்டில்களிலிருந்து தலையணைகளை உருவிக்கொண்டு வந்திருக்கிறார். நடைபாதையின் மேற்குச் சுவரடியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெறுங்காலால் மிதிமிதியென்று மிதித்து இறுக்கியிருக்கிறார். உறைகளில் ரத்தம் தோய்ந்த பாதத் தடங்கள் அப்படியே இருந்தன. மிதித்து முடித்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்த் தட்டுக்கு முன்னால் சாதுவாக உட்கார்ந்துவிட்டாராம்.

"போன ரெண்டு தடவையும் இதே கூத்துதான் மேடம்," என்றாள் கோகிலா. அந்த இல்லத்தின் பணிப்பெண், கடலாடி ஊர்க்காரி. முதல் தடவை அடி வாங்கியவளும் அவள்தான். இடது கை இன்னும் மாவுக்கட்டில் இருந்தது. "என் கைய முறுக்கி ஒடிச்சுப்புட்டு, அந்தாக்குல தலகாணியத் தூக்கிட்டு வந்து இதே எடத்துல போட்டு மிதிக்கிறாரு. நான் வலியில கத்திக்கிட்டுக் கெடக்கேன். அவரு என்னையத் தாண்டித் தாண்டிப் போய்ட்டு வாராரு."

முத்துராமலிங்கத்திடம் கேட்டுப் பயனில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு கை கால்களின் தெம்பு திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. நினைவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது.

தேவிபட்டினத்திலிருந்து உப்பூர் போகிற சாலையில் கடலுக்கு முகம் வைத்து நிற்கும் இந்த முதியோர் இல்லத்தை வரைந்தவள் மாஷிதாதான். துபாயில் சம்பாதித்துத் திரும்பிய ஹமீது சுல்தான் இடம் வாங்கி, "காசு செலவானாப் பரவாயில்ல, ஆஸ்பத்திரி வாடையே அடிக்கக் கூடாது" என்று சொல்லி அவளிடம் ஒப்படைத்தார். அவளும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். நடைபாதை எங்கேயும் முட்டி நிற்காது, முற்றத்தைச் சுற்றி வளையமாக ஓடும். நினைவு தப்பியவர்கள் எழுந்து நடந்துகொண்டேதான் இருப்பார்கள். பூட்டிய கதவில் போய் முட்டினால் அவர்களுக்கு ஆத்திரம் வரும். வளையத்தில் நடந்தால் நடக்கிற கால் தானே தன் கட்டிலுக்கு வந்து சேரும். தரை மண் நிறம். கண் மங்கியவர்களுக்குத் தரை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவேண்டும் என்பதற்காக, இரண்டு ஓரமும் அடர்ந்த செம்மண் நிறத்தில் கரை கட்டியிருந்தாள். எந்த அறைக்கும் வெளித்தாழ்ப்பாள் கிடையாது. அதில் அவளுக்குத் தனிப் பெருமை.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"ஒரு ரூமுக்கு மட்டும் இரும்புக் கதவு போடணும்மா," என்றார் ஹமீது சுல்தான், அவள் முகத்தைப் பார்க்காமல். "கட்டில்ல நாலு பக்கமும் வளையம். பெல்ட்டு சொல்லியாச்சு. நாளைக்குக் காலைல கொத்தனார் வாரான். எந்தச் செவுத்துல அடிச்சாத் தாங்கும்னு நீதான் சொல்லணும்."

"காக்கா," என்றாள் மாஷிதா, அண்ணன் முறை வைத்து. "கட்டிப் போட்டா மனுசன் ரொம்ப நாள் தாங்க மாட்டாரு. படுக்கையில முதுகு புண்ணாகும், சளி கட்டும். சும்மா கெடந்தே மௌத்தாயிருவாரு."

"அவிழ்த்து விட்டா இன்னொருத்தர் மௌத்தாயிருவாரு. எதும்மா பரவாயில்ல?"

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிகள் வந்து நின்றன. ஹசன் அலியின் மகன் நவ்ஷாத், கூட நான்கு பேர். நவ்ஷாத் கையில் இரும்புக் குழாய். உள்ளே நுழைந்ததும் குழாயை வீசினான். வரவேற்பறையின் கண்ணாடித் தடுப்பு சலசலவென்று கொட்டியது. இன்னொரு வீச்சில் மீன் தொட்டி போயிற்று. தண்ணீரும் மீனும் தரையெல்லாம் துள்ளின. தடுக்க வந்த வேல்ராஜின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். வேல்ராஜ் இரண்டாம் தடவை அடி வாங்கிய பணியாள். நெற்றியில் போட்ட தையல் பிரிந்து, கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"எங்கடா அந்தக் கெழவன்? எங்க வாப்பாவுக்குத் தலையில பதினோரு தையல்டா! தொழுகப் போன மனுசனை அடிக்கிறான்னா, அவனுக்கு எம்புட்டு வெறி இருக்கணும்?"

"அண்ணே, என்னையும்தான அடிச்சாரு," என்றான் வேல்ராஜ், மூச்சுத் திணறிக்கொண்டே. "நான் அவுக ஊர்க்காரன், நயினார்கோவில். சொந்தம் வேற. எனக்கு அவரு மாமன் மொறை."

நவ்ஷாத்தின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. மாஷிதா இருவருக்கும் நடுவில் புகுந்து நின்றாள். "தம்பி, வாப்பாவைப் பார்த்தேன். கண்ணு முழிச்சுட்டாங்க. இன்னைக்கு ஒரு சாயங்காலம் எனக்குக் குடுங்க."

"மஹ்ரிபு வரைக்கும்," என்றான் அவன், குழாயை அவள் முகத்துக்கு நேரே நீட்டி. "அதுக்குள்ள அவனைக் கட்டலைன்னா, நானே வந்து கட்டுறேன். கயிறு என்கிட்ட இருக்கு." வெளியே போய் வேப்பமரத்தடியில் நால்வரோடும் உட்கார்ந்துகொண்டான்.

மாஷிதா நடைபாதைக்குத் திரும்பி, அடுக்கியிருந்த தலையணைகளுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு கட்டடம் எங்காவது கசிந்தால் அவள் இப்படித்தான் உட்காருவாள். கசிவு தெரிகிற இடம் ஒன்று, தண்ணீர் நுழைகிற இடம் வேறு. கோபமும் அப்படித்தான் இருக்கவேண்டும். இந்த இடத்தில் வெளியே வருகிறது. உள்ளே நுழைவது எங்கே?

அடி வாங்கியவர்கள் மூன்று பேர். பெண் ஒருத்தி, ஆண் இருவர். ஒருவர் சொந்தக்காரர், ஒருவர் அயலார். சாதியும் இல்லை, மதமும் இல்லை, பழைய பகையும் இல்லை. நர்ஸ் ஜஸீலா தினமும் சாயங்காலம் மாத்திரைத் தட்டோடு இதே இடத்தைத்தான் கடக்கிறாள். அவள்மேல் அவர் விரல்கூடப் பட்டதில்லை.

"கோகிலா, அன்னைக்கு நீ எப்படி நின்னுக்கிட்டு இருந்த? அப்படியே நின்னு காட்டு."

"ஏன் மேடம், இன்னொரு கையும் ஒடியணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கோகிலா மூலையிலிருந்த மாப்புக் கட்டையை எடுத்து, இடுப்பை வளைத்து, ஒற்றைக் கையால் தரையில் தள்ளிக் காட்டினாள்.

"வேல்ராஜ், நீங்க?"

"நான் தண்ணி தள்ளுற கட்டைய வச்சுத் தள்ளிக்கிட்டு இருந்தேன்." அவனும் குனிந்து காட்டினான்.

ஹசன் அலிக்கு முதுகு வளைந்து முகம் தரையைப் பார்க்கும். கையில் தடி. மாஷிதா எழுந்து நின்றாள். மூன்று பேரிடமும் பொதுவாக இருந்தது அதுதான். குனிந்த முதுகு, கையில் நீளக் காம்பு. ஜஸீலா நிமிர்ந்து நடப்பவள், கையில் தட்டு.

அவர் ஆளை அடிக்கவில்லை. ஒரு நிழலுருவத்தை அடிக்கிறார். ஆனால் யாருடைய உருவம் அது?

பிற்பகலில் மகள் முருகேஸ்வரி நயினார்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தாள். அப்பாவைக் கட்டிப் போடச் சம்மதம் சொல்லத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம் அழுதிருப்பது முகத்தில் தெரிந்தது. "கட்டுங்க தாயி. வேற என்ன செய்ய? வீட்டுல இருக்கயில என் புருசனையே கழுத்த நெரிச்சுட்டாக. கொல்லையில குழி வெட்டிக்கிட்டு இருந்தாரு, பின்னாடி போயி..."

"குழி வெட்டிக்கிட்டா? மண்வெட்டி வச்சா?"

"ஆமா, மம்பட்டிதான்."

மாஷிதா அவளைக் கூட்டிப்போய்த் தலையணைகளைக் காட்டினாள். முருகேஸ்வரி அவற்றைப் பார்த்தாள், அவற்றின் மேலிருந்த பாதத் தடங்களைப் பார்த்தாள். குனிந்து ஒரு தடத்தின் மேல் கையை வைத்தாள்.

"இது வாய்க்காக் கரை ஒடப்ப அடைக்கிறது தாயி. மண்ணு மூட்டையப் போட்டு இப்படித்தான் மிதிப்பாக." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "எங்க சித்தப்பா கூத்தையா. நான் கைப்பிள்ளையா இருக்கயில நடந்தது. மழை பொய்ச்ச வருசம், கம்மாயில கடைசித் தண்ணி. எங்க வாய்க்காக் கரைய எவனோ வெட்டித் தண்ணிய அந்தப் பக்கம் திருப்புறான்னு சித்தப்பா தனியாப் போனாரு. வெட்டுனவன் கையில மம்பட்டி. அதாலேயே கழுத்துல போட்டுட்டான். எங்க அய்யா போயிப் பாக்கயில, சித்தப்பா அந்த வாய்க்காலுக்குள்ளயே குப்புறக் கெடக்காரு. தண்ணி செவப்பா ஓடுது. அய்யா மொதல்ல ஒடப்ப அடைச்சாக. அப்புறந்தான் தம்பியத் தூக்குனாக. அதுக்கப்புறம் வெட்டுனவனத் தேடிப்போயி அவன் கைய எடுத்துட்டு, ஜெயிலுக்குப் போனாக."

கேட்டுக்கொண்டிருந்த கோகிலா மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

குனிந்து நிற்பவன் யாரென்று தெரிந்துவிட்டது. தலையணை எதற்கென்றும் தெரிந்துவிட்டது. ஆனால் தண்ணீர் எங்கே? மாஷிதா தரையைத் தடவிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. குழாய் எதுவும் இந்தச் சுவருக்குள் ஓடவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். முத்துராமலிங்கம் தினமும் இப்படிச் செய்வதும் இல்லை. வைகாசியில் இல்லம் திறந்தபோது வந்தவர், ஆவணி முடியும்வரை பூனை மாதிரி இருந்திருக்கிறார். மூன்று தடவையும் இந்தப் புரட்டாசியில்தான். மேகம் போட்டிருந்த நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று கோகிலா சொன்னாள்.

மேகம் போட்ட நாட்களில் இல்லை. மாஷிதா தலையணைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அண்ணாந்து மேற்குச் சுவரைப் பார்த்தாள்.

அங்கே அவள் வைத்த கீற்றுஜன்னல் இருந்தது. தரையிலிருந்து ஓர் ஆள் உயரம், ஒரு சாண் அகலம். மேற்கு வெயிலின் சூடு உள்ளே வராமலிருக்கச் சுவரை இரண்டு சாண் கனத்துக்குக் கட்டி, அதில் வெளிச்சத்துக்கு மட்டும் இந்தக் கீற்றை விட்டிருந்தாள். கனத்த சுவரில் விட்ட ஒடுங்கிய கீற்று ஒரு குழல் மாதிரி. சூரியன் நேர் எதிரே நின்றால்தான் முழு வெளிச்சமும் உள்ளே வரும். வைகாசியிலும் ஆடியிலும் சூரியன் மேற்கில் வடக்கே ஒதுங்கி மறைகிறது. அப்போது வெளிச்சம் கீற்றின் பக்கச் சுவரிலேயே மோதி, நூல் மாதிரிதான் உள்ளே விழும். புரட்டாசியில் சூரியன் சரியாக நேர்மேற்கில் இறங்குகிறது. பங்குனியிலும் அப்படித்தான்.

அவள் இதை யோசித்து முடிக்கும்போதே அது வந்தது. சூரியன் தாழத் தாழ, கீற்றின் அடியிலிருந்து ஒளிப் பட்டை ஒன்று புறப்பட்டு, மண் நிறத் தரையின் குறுக்கே மெல்ல நீண்டது. தரை துபாய் ஹோட்டல் மாதிரி மின்னவேண்டும் என்று ஹமீது சுல்தான் ஆசைப்பட்டு மெருகேற்றச் சொல்லியிருந்தார். அந்த மெருகில் பட்டை பளபளத்தது. வெளியே நின்ற பூவரச மரத்தின் இலைகளைக் கடற்காற்று ஆட்ட, அந்தப் பளபளப்பு நெளிந்து நெளிந்து ஓடியது. இந்தக் கரையிலிருந்து புறப்பட்டு அந்தக் கரையைத் தொட நகர்ந்தது. செம்மண் நிறக் கரைகள், நடுவில் ஓடும் தண்ணீர். அவளே கட்டிய கரையில் அவளே வெட்டிவிட்ட உடைப்பு.

"கோகிலா, மாப்பக் குடு," என்றாள். "முருகேஸ்வரி அக்கா, சாப்பாட்டுக் கூடத்துல மடக்கு மேஜையோட பலகை சாத்தி இருக்கு. அதை எடுத்துட்டு வந்து இந்தக் கீற்றுக்குப் பக்கத்துல நில்லுங்க. நான் கத்தினதும் அடைச்சிருங்க."

"மேடம், வேண்டாம்," என்றாள் கோகிலா. "அவரு வந்துட்டாரு."

முத்துராமலிங்கம் வளைவில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, அகன்ற தோள்கள். ஒளிப் பட்டையைப் பார்த்தார். அதன் ஓரத்தில் கட்டையோடு குனிந்து நின்ற மாஷிதாவைப் பார்த்தார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மாப்புக் கட்டை அவள் கையிலிருந்து பறந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு 'களுக்'கென்று சொன்னது அவளுக்கே கேட்டது. இரண்டாவது அடி காதோரம். தலை சுவரில் மோதி, வாயில் உப்புக்கரித்தது. அவர் கட்டையை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் அவள் கழுத்தைப் பிடித்தார். வாழ்நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்த கைகள். அவள் கத்த நினைத்தாள், சத்தம் வரவில்லை.

சத்தம் கேட்டு நவ்ஷாத் குழாயோடு உள்ளே பாய்ந்தான். கிழவரின் தலைக்கு மேலே குழாயை ஓங்கினான்.

"அடைங்க!" என்று கோகிலாதான் அலறினாள். முருகேஸ்வரி பலகையைக் கீற்றில் சாத்தி, முதுகைக் கொடுத்து நெட்டித் தள்ளினாள்.

ஒளிப் பட்டை அணைந்தது.

முத்துராமலிங்கத்தின் விரல்கள் நின்றன. தரையைப் பார்த்தார். கழுத்தை விட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தொட்டார். உலர்ந்திருந்தது. கையை முகர்ந்து பார்த்தார். எழுந்துபோய் மகளைத் தள்ளிவிட்டு, தானே பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றார். மேலே ஓங்கிய குழாயோடு ஒருவன் நிற்பதை அவர் கவனிக்கவே இல்லை.

நவ்ஷாத் குழாயை மெல்ல இறக்கினான். மாஷிதா சுவரோரம் சரிந்து கிடந்து இருமினாள். "பாருங்க தம்பி," என்றாள், காற்றாக வந்த குரலில். "உங்க வாப்பாவை அடிக்கல. தண்ணி திருடுனவன அடிச்சிருக்காரு."

"எங்க வாப்பா தலையில இருக்குறது தையல்தானே லாத்தா, தண்ணி இல்லையே," என்றான் நவ்ஷாத், அவளை அக்கா முறை வைத்து. ஆனால் கயிறு எடுக்க வண்டிக்குப் போகவில்லை.

மறுநாள் கொத்தனார் வந்தபோது, "இரும்புக் கதவு வேண்டாம். அந்தக் கீற்றையே செங்கல் வச்சு அடைச்சிரலாம்," என்றார் ஹமீது சுல்தான். கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டிருந்த மாஷிதாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. முதலில் சிமெண்ட் பலகை வைத்து ஆணி அடித்துப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் முத்துராமலிங்கம் யாரையும் அடிக்கவில்லை. பலகையை அடித்தார். விரல் கணுக்கள் கிழிந்து ரத்தம் ஒழுகும்வரை குத்தினார். பின்னால் தண்ணீர் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். ஓரத்து விரிசலில் கோடாக அது கசிந்துகொண்டிருந்தது. எவனோ அடைத்துவிட்டுப் போனதை அவரால் எப்படி நம்ப முடியும்? முன்னே அவரே அடைத்ததைத்தானே நம்பினார்.

அந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாஷிதாவுக்கு விடை கிடைத்தது. ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் படம் போட்டுக் கொடுத்து, ஒரு சக்கரப் பொறியைச் செய்துவாங்கினாள்.

ஹசன் அலி தலையில் கட்டோடு திரும்பி வந்தபோது அது பொருத்தப்பட்டிருந்தது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "என் கம்ப ஒடிச்ச ஆளுக்குச் சக்கரமா? அடி வாங்குன எனக்கு என்னம்மா?" என்றார்.

"உங்களுக்கும் இருக்கு மாமா. நெஞ்சு உசரத்துக்குக் கைப்பிடி வச்ச தள்ளுவண்டி. நிமிர்ந்துதான் நடக்கணும்."

"நிமிர்ந்து நடந்தா அவன் அடிக்க மாட்டானா?"

"மாட்டாரு."

"இத முதல்லயே சொல்லியிருந்தா பிறந்ததுலேர்ந்தே நிமிர்ந்து நடந்திருப்பேனே," என்று சிரித்து, தையல் இழுக்க முகத்தைச் சுளித்தார்.

இப்போது ஏற்பாடு இதுதான். கீற்றுஜன்னலின் உள்பக்கம், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மேலும் கீழும் போகிற ஒரு தேக்குப் பலகை இருக்கிறது. கண்மாயில் தண்ணீரைத் திறந்து மூடும் மடையில் இருப்பதுபோல ஒரு திருகுக் கம்பி, அதைச் சுற்ற இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புச் சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் பலகை மேலிருந்து கீழே இறங்கும். எதிர்ச்சுவர்வரை எட்டும் வெளிச்சம் கீற்றின் உச்சியிலிருந்து வருவது. ஆகவே பலகை இறங்க இறங்க, ஒளிப் பட்டையின் நுனி எதிர்ச்சுவரை விட்டுப் பின்வாங்கிச் சுருங்கி, கடைசியில் சுவரடியில் நின்றுபோகும். தரையின் மெருகைத் தேய்த்து எடுத்தாகிவிட்டது. மாப்பு காலையில் மட்டும்தான். சாயங்காலம் வெயில் உள்ளே இறங்கியதும் முத்துராமலிங்கம் வருகிறார், சக்கரத்தைத் தானே சுற்றி மடையை மூடுகிறார், தரையைத் தொட்டுப் பார்க்கிறார், சாப்பிடப் போகிறார். காலையில் கோகிலா அதைத் திறந்து வைக்கிறாள்.